டீசல் குறையாத வான்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. உத்தரவாதம் தரமுடியாது என்று கடிதம் வந்த அன்றைக்கு நான் பேசாமல் இருந்திருந்தால், ஒரு பழைய வான் போனதோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் விடவில்லை. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் காட்டினார்கள்.

வானைப் பிறம்ரனில் ஒரு பழைய வாகனக் கடையில் வாங்கினேன். டீசல் வான், ஆறு வருடம் ஓடியது. கூடவே ஓர் உத்தரவாதப் பத்திரமும் தந்தார்கள். என்ஜினில் எது பழுதானாலும் இரண்டு வருடத்துக்கு அந்தக் கம்பனி பார்க்கும். நான் பாண் போடுகிறவன். ஒரு பேக்கரியின் பாணை நடுச்சாமத்தில் ஏற்றி, விடிவதற்குள் ஸ்காபரோ, மில்லிக்கன் பக்கக் கடைகளில் இறக்கிவிட்டு, காலை எட்டரைக்கு ஸ்ரௌவ்வில் நகரில் இருக்கும் வீட்டுக்கு வந்து படுப்பேன். சொந்த வான் உள்ளவனுக்குத்தான் அந்த வேலை. வான் இல்லாமல் இரண்டு கிழமை போனால் பாதையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு இன்னொரு பாதையை யாரும் தூக்கித் தரப்போவதில்லை.

பகலில் நித்திரை வருவது எனக்குப் பெரும் பாடு. டாக்குத்தர் ஒரு குளிசை எழுதித் தந்தார். அரைவாசி போடச் சொன்னார், நான் முழுதாகப் போட்டேன். ஒன்பது மணிக்கு விழுந்தால் மூன்று மணிக்குத்தான் கண் திறப்பேன். எங்கள் தெரு புதிது. நட்ட மரங்கள் இன்னும் கம்பில் கட்டப்பட்டு நிற்கின்றன. வார நாட்களில் மத்தியானம் அங்கே ஒரு மனிதரைக் காண முடியாது. கார்கள் எல்லாம் போய்விடும். ஒரே நிறக் கதவுகள் இரண்டு பக்கமும் வரிசையாக மூடிக் கிடக்கும்.

முதல் விசித்திரத்தை நான் ஜனவரியில் கண்டேன். காலையில் வீட்டுக்கு வரும்போது டீசல் முள் பாதியில் நிற்கும். இரவு வேலைக்கு எடுக்கும்போது பார்த்தால், பாதிக்கு ஒரு கோடு மேலே நிற்கும். ஓடாத வானில் டீசல் கூட வழியில்லை. குளிருக்கு முள் சேட்டை விடுகிறது என்று நினைத்தேன். ஆனால் அது கிழமைக்கு மூன்று நான்கு தரம் நடந்தது. பம்புக்குப் போகும் நாட்களும் குறைந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"எங்கட வானுக்கு அட்சய பாத்திரம் வாய்ச்சிருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் வீட்டின் நிலக்கீழ் அறையில் றோல்ஸ், பற்றிஸ் பொரித்து ஓடருக்குக் கொடுப்பவள். மத்தியானம் ஒரு மணிக்கு அதைக் கொண்டுபோய்க் கடைகளில் கொடுத்துவிட்டு மூன்றரைக்குத்தான் திரும்புவாள். பொரிக்கிற எண்ணெயைப் பெரிய டின்களில் வாங்கிக் கராஜில் வைத்திருப்போம்.

"உங்கட வானில கூடுது, என்ர டின்னில குறையுது. திங்கட்கிழமை உடைச்ச டின்னில இப்ப காவாசி இல்லை" என்றாள் அவள்.

"நீர் பொரிக்கிற பொரியலுக்கு டின் எப்பிடி நிக்கும்?" என்று நான் சிரித்தேன்.

வேறு சில விஷயங்களும் இருந்தன. வானை இயக்கியவுடன், பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று சிவப்பு வெளிச்சம் காட்டும். அந்தக் கதவை நான் திறப்பதே இல்லை. முன்னால் என்னோடு சேர்த்து மூன்று பேர் இருக்கலாம், ஆனால் மற்ற இரண்டு சீட்டிலும் வெறும் பாண் தட்டுகளை அடுக்கியிருப்பேன். அந்தத் தட்டுகளும் சில நாள் பின்னால் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். நான்தான் வைத்து மறந்தேன் என்று நினைத்துக்கொள்வேன். புகையும் மாறியிருந்தது. குளிரில் வான் நின்று இரைந்தால் பின்னால் ஒரு பொரியல் மணம் வரும். அது எனக்குத் தெரிந்த மணம் என்று மனதுக்குப் பட்டது. எங்கே, எப்போது என்றுதான் பிடிபடவில்லை. மனைவியின் சமையல் என் சட்டையில் ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சந்தேகம் தாங்காமல் டீசல் மூடிக்குக் குறுக்கே பசை ரேப் துண்டு ஒன்றை ஒட்டினேன். யாராவது திறந்தால் தெரியுமல்லவா. அடுத்த நாள் இரவு ரோச் அடித்துப் பார்த்தேன். ரேப் அப்படியே இருந்தது. பிறகு உரிப்பதற்கு லேசாக இருக்கட்டும் என்று நுனியைச் சின்னதாக மடித்து ஒட்டுவது என் பழக்கம். பாண் பெட்டிகளில் ஒட்டிப் பழகியது. அந்த மடிப்பும் இருந்தது. ஆனால் முள் இரண்டு கோடு ஏறியிருந்தது.

மார்ச் தொடக்கத்தில் வான் ஸ்ரீல்ஸ் வீதியில் பாணோடு நின்றுபோயிற்று. என்ஜின் ஒருமுறை உதறி, வெள்ளைப் புகை கக்கி அடங்கியது. மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்னால் கராஜ் வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவரிடம் இழுத்துப் போனோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். பில்ற்றரைக் கழற்றி, விரலால் தொட்டு, மணந்து பார்த்தார்.

"அண்ணை, உந்த டாங்குக்குள்ள என்ன சமைச்சனீங்கள்?"

"என்ன பகிடியோ?"

"பகிடி இல்லை. மண்ணெண்ணெயும் மரக்கறி எண்ணெயும் கலந்து கிடக்கு. பம்பும் இன்ஜெக்டரும் முடிஞ்சுது. ஊரில எரிபொருள் தடை இருந்த காலத்தில எங்கட அப்பா இப்பிடித்தான் வாகனம் ஓடினவர். உந்தக் கலவையை இஞ்ச நான் ஒருநாளும் காணேல்லை."

 விற்றவன் டாங்கில் குப்பையை விட்டுத் தந்திருக்கிறான் என்று சத்தம் போட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

உத்தரவாதக் கம்பனிக்கு அறிவித்தேன்; அவர்களின் ஆள் வந்து வானைச் சோதித்துப் போனார், கடிதம் ஆறாம் நாள் வந்தது. தவறான எரிபொருள் ஊற்றப்பட்டிருக்கிறது, உத்தரவாதம் செல்லாது. நான் மேசையில் இருந்து நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். டீசல் அடித்த ரசீதுகள் அத்தனையும் ஒரு பிஸ்கற் டின்னில் அடுக்கி வைத்திருந்தேன், அவற்றையும் இணைத்தேன். நான் வாங்க முன்னரே டாங்கில் இருந்த அழுக்கு இது என்று வாதாடினேன். "இந்த வானின் டீசல் மூடியை என் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை. இதை நான் எந்த இடத்திலும் சத்தியம் செய்து சொல்வேன்" என்று கடைசியில் எழுதியபோது, எனக்கே என் எழுத்துப் பிடித்துக்கொண்டது. மனைவிக்கு வாசித்தும் காட்டினேன்.

பதிலோடு கம்பனியில் இருந்து ஒரு பெண் போனில் வந்தாள். மரியாதையான, சூடில்லாத குரல். வானின் கம்பியூட்டரில் இருந்த பதிவை அனுப்பியிருக்கிறேன், பார்த்தீர்களா என்று கேட்டாள். ஜனவரியில் இருந்து கிழமைக்கு மூன்று நான்கு நாள், மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடமளவில், வான் இயக்கப்பட்டிருக்கிறது. இருபது நிமிடம் இரைந்திருக்கிறது. ஓர் அடிகூட நகரவில்லை. பிறகு நிறுத்தப்பட்டிருக்கிறது.

"அந்த நேரத்தில் வானை இயக்கியது யார், ஐயா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் நான் படுக்கையில். மனைவி வெளியே. வானின் திறப்பு குசினிச் சுவரில் ஆணியில். பிறகு எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வாழ்க்கையில் அது எனக்கு அபூர்வம். போனை வைத்துவிட்டுக் கராஜ் கதவைப் போய்ப் பார்த்தேன். படியில் எண்ணெய் பட்ட ஒரு வெறுங்கால் அடையாளம் இருந்தது. மனைவியின் கால் என்று நினைத்தேன். அவள் கால் அவ்வளவு பெரிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பயந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். வீட்டுக்குள் வந்து எல்லா அறைக் கதவுகளையும் திறந்து பார்த்தேன்.

எங்களுக்கு நேரெதிர் வீட்டில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, வீட்டில் இருந்தே கம்பியூட்டர் வேலை செய்பவள். அவள் வாசல் மணியில் கமரா இருக்கிறது. அதன் கண் எங்கள் வாசலையே பார்த்தபடி இருக்கும். அதில் கள்ளன் அகப்பட்டிருப்பான், அந்தப் படத்தைக் கம்பனியின் முகத்தில் எறியலாம் என்று நினைத்தேன். போய்க் கேட்டேன். அன்று பின்னேரமே தானாக வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, வீடியோ எல்லாம் உங்களுக்கு அனுப்பிட்டேன். அதை கம்பெனிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களும் அண்ணியும் மட்டும் பாத்துடுங்க."

"ஏன், ஆரெண்டு தெரியுதோ?"

அவள் என் கால்களைப் பார்த்தாள். "குளிர்ல செருப்பு இல்லாம நடக்காதீங்க அண்ணா" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

குசினி மேசையில் மனைவியும் நானும் பார்த்தோம். வெறும் தெரு. வெயில் பட்ட பனி. கராஜ் கதவு மெல்ல உயர்கிறது. இடுப்பில் சாரம் கட்டிய ஒரு மனிதன் வெறுங்காலோடு வருகிறான். ஒரு கையில் எண்ணெய் டின், மற்றதில் ஹீற்றருக்கு வாங்கிய மண்ணெண்ணெய்க் கலன். கக்கத்தில், போத்தலின் கழுத்தை வெட்டிச் செய்த புனல். அவன் மூடியின் ரேப்பைப் பக்குவமாக உரித்து வானின் உடம்பில் ஒட்டி வைக்கிறான். ஊற்றுகிறான். ஒரு துளி சிந்தவில்லை. சாரத்தின் நுனியால் டாங்கின் வாயைத் துடைத்து மூடுகிறான். ரேப்பைத் திரும்ப ஒட்டி, நுனியை மடிக்கிறான். பிறகு ஏறி வானை இயக்கி, தட்டுகளைப் பின்னால் எடுத்து வைத்து, எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, தெருவின் முனையைப் பார்த்தபடி இருக்கிறான்.

அது நான்தான். என் முகம், என் நரை, என் சாரம். ஆனால் அந்தப் பொறுமை என்னுடையதல்ல. சிக்னலில் முன்னுக்கு நிற்பவன் ஒரு நொடி தாமதித்தாலே ஹோன் அடிப்பவன் நான்.

கமரா சத்தமும் பிடித்திருந்தது. என்ஜின் இரைச்சலுக்குள்ளே என் குரல், பின்னால் இருக்கும் யாருக்கோ சொல்வது கேட்டது. "ரெண்டு நிமிஷம் பொறுப்பம்."

கடைசிப் படம் வான் பழுதாகி மில்லிக்கனில் நின்ற நாட்களில் எடுத்தது. அதில் வாசல் காலி. நான் டின்னோடும் புனலோடும் வெளியே வந்து, வான் நிற்கும் இடத்தில், பனிக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். இருபது நிமிடம். மனைவி படத்தை நிறுத்தினாள்.

"ஆருக்காகப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டாள்.

கலியாணம் செய்து இருபத்தேழு வருடத்தில் நான் அவளுக்குச் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்தில் ஒருவரின் டீசல் வானை வாடகைக்கு ஓட்டினேன். டீசல் உள்ளே வரத் தடை. மண்ணெண்ணெயில் எண்ணெய் கலந்து ஓடுவோம், வாகனம் போகும் வழியெல்லாம் பொரியல் மணக்கும். ஷெல் கிட்ட வந்த ஒரு நாள், வான் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு ஓர் ஒடுங்கிய ஒழுங்கையால் வெளிக்கிட்டேன். மத்தியானம் திரும்பிய நேரம். ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் வான் நின்றுவிட்டது. டாங்க் காய்ந்துபோயிருந்தது. அந்த வீட்டில் இருந்து ஓர் அம்மா வந்தா. நான் கேட்கவில்லை, வானைப் பார்த்தே விளங்கிக்கொண்டு உள்ளே போய், விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயையும், சமையலுக்கு இருந்த எண்ணெய் முழுவதையும் கொண்டுவந்து தந்தா. நான் ஊற்ற அவவே புனலைப் பிடித்தா.

"தம்பி, இவர் படுக்கையில கிடக்கிறார். கூட்டிக்கொண்டு வாறன். ரெண்டு நிமிஷம் நில்லும்."

"ஓம் அம்மா, நிக்கிறன்."

பம்பில் காற்றெடுத்து என்ஜினை இயக்கினேன். அவர்களுக்காக முன்கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் எங்கோ ஒரு ஷெல் விழுந்தது. வானுக்குள் எல்லோரும் எடு எடு என்று கத்தினார்கள். நான் எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினேன். ஒழுங்கை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவ கணவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு படலைக்கு வந்துவிட்டா. கத்தவில்லை, கை காட்டவுமில்லை. வானைப் பார்த்துக்கொண்டு நின்றா. அவவின் எண்ணெயில்தான் நாங்கள் ஷெல் எட்டாத பக்கத்துக்குப் பாலம் கடந்தோம். அவவின் பெயர் தெரியாது. பிறகு என்ன ஆனா என்றும் தெரியாது. கேட்டறிய எனக்குத் துணிவு வரவில்லை.

மனைவி குளிசைப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் கம்பனிப் பெண்ணுக்கு நானே போன் எடுத்தேன். முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்றேன். காரணம் பதிய வேண்டும் என்றாள்.

"நான்தான் ஊற்றினேன். நித்திரையில்."

அந்தப் பக்கத்தில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"என் கையைத் தவிர வேறு கை தொடவில்லை என்று நான் எழுதியது சரிதான். அதை மாற்றவேண்டாம்" என்றேன். அவள் நன்றி சொல்லி, கோப்பை மூடிவிடுவதாகச் சொன்னாள். அந்தக் கிழமையே பாண் பாதை வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு அதில் கோபம் வரவில்லை.

செத்த வானை மில்லிக்கன் கராஜில் இருந்து இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டார்கள். இரும்புக்கு எடுப்பவன் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னான். குளிசை நின்றதால் இரவும் பகலும் நித்திரையில்லாமல் திரிந்தேன். புதன்கிழமை மத்தியானம் தாங்க முடியாமல் அப்படியே விழுந்துவிட்டேன். மிச்சம் மனைவி சொன்னது. எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது.

அன்று அவள் ஓடருக்குப் போகவில்லை. எண்ணெய் டின்களை நிலக்கீழ் அறைக்கு மாற்றிவிட்டு, திறப்பை மட்டும் ஆணியிலேயே விட்டு, குசினியில் இருந்திருக்கிறாள். இரண்டு பத்துக்கு நான் படியிறங்கி வந்தேனாம். கண் திறந்திருந்ததாம். அவளைத் தாண்டி, திறப்பை எடுத்துக்கொண்டு வானில் போய் ஏறினேன். திறப்பைத் திருப்பினேன். பற்றரியும் செத்திருந்தது, ஒரு கிளிக் மட்டும்தான் கேட்டது. ஆனால் எனக்கு அது இயங்கிவிட்டது போலும், தலையை ஆட்டினேனாம். எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் வீட்டுச் செருப்போடு பனிக்குள் நடந்துபோய் அந்தக் கதவால் ஏறி இருந்தாள். ஏன் ஏறினாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே கேட்டேனாம்.

"அவரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டீங்களோ அம்மா?"

"ஓம் தம்பி" என்றிருக்கிறாள் என் மனைவி.

நான் அவளுக்குக் குறுக்கே எட்டிக் கதவைச் சாத்தினேன். பிறகு ஓட்டினேன். அசையாத வானில், இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடெல்லாம் பார்த்து. அவளுக்குக் கால் விறைத்துப்போயிற்று. இறங்கவும் பயம். கடைசியில், "பாலம் தாண்டியாச்சு, இனிப் பயமில்லை, இறங்குங்கோ" என்றேனாம். சுற்றி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இறங்கினாள். இன்னும் ஒருவர் இறங்கும் மட்டும் நான் அப்படியே நின்றேன் என்று சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் நித்திரையில் எழும்பவில்லை. இப்போது பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பகல் வேலை. அந்த ஒரு பயணத்தையாவது நான் விழித்திருந்து ஓடியிருக்கக் கூடாதா என்று சில நேரம் மனம் அடித்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை வானைக் கொடுக்குமுன், உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கப் போனோம். நடுச் சீட்டில் பெல்ற் பூட்டியிருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன்.

"நான் ஓரச் சீட்டிலதான் இருந்தனான். அதை நீங்கள்தான் போட்டு விட்டனீங்கள், மெதுவா, ஆரோ வருத்தக்காரருக்குப் போடுற மாதிரி" என்றாள்.

அதைக் கழற்றாமலே வானைக் கொடுத்தோம்.